காந்தம் ஒட்டாததெல்லாம் பித்தளை அல்ல: வெளிக் குழாயில் நான் ஏமாந்த கதை

கை இன்னும் நடுங்குகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டின் வெளிச் சுவரில் செடிகளுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய் ஒன்று உண்டு. எவ்வளவு இறுக்கி மூடினாலும் நொடிக்கு ஒரு சொட்டு வீதம் விழுந்துகொண்டிருந்தது. இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்தால், ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் வீண். மூடிய குழாய் வாய்வழியே சொட்டினால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் வாஷர்தான் தேய்ந்திருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் சோம்பல். வீட்டுப் பழுதுகளுக்கு ஆள் அனுப்பும் கைப்பேசிச் செயலி ஒன்றில் பதிவு செய்தேன்.

வந்தவர் சீருடை அணிந்திருந்தார். தரையில் துணி விரித்துக் கருவிகளை அடுக்கினார். அந்த ஒழுங்கிலேயே பாதி விழுந்துவிட்டேன். குழாயைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பார்த்து, "வாஷர் மாற்றினால் நிற்காது சார், அது உட்காரும் இடமே அரித்துப் போயிருக்கிறது" என்றார். அப்படி அரிப்பது உண்டுதான். ஆனால் "காட்டுங்கள், பார்க்கிறேன்" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிறகு பையிலிருந்து பளபளவென்று புதிய குழாய் ஒன்றை எடுத்தார். கூடவே ஒரு சின்னக் காந்தம். "பாருங்கள் சார், ஒட்டவில்லை. சுத்தமான பித்தளை." நானும் வாங்கி ஒட்டிப் பார்த்தேன். ஒட்டவில்லை. பள்ளியில் படித்த அறிவியலை நானே சரிபார்த்துவிட்ட பெருமை வேறு! துத்தநாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவே இல்லை.

செயலி வழியாகச் செலுத்தினால் கட்டணம் கூடும், நேரில் கொடுத்தால் குறைத்துக்கொள்கிறேன் என்றார். கொடுத்தேன். எவ்வளவு தெரியுமா? அதே அளவில் நல்ல பித்தளைக் குழாய் ஒன்பது வாங்கலாம். ஒன்பது! கழற்றிய பழைய குழாயைக் "குப்பையில் போட்டுவிடுகிறேன்" என்று தன் பையிலேயே போட்டுக்கொண்டு போனார்.

இருபதாவது நாள், மூடும்போது குழாய் கழுத்தோடு முறிந்து கையில் வந்தது. பீறிட்ட தண்ணீரில் நனைந்தபடி ஓடி வால்வை அடைத்தேன். முறிந்த இடத்தைப் பார்த்தால் மஞ்சளே இல்லை, சாம்பல் நிறம். மேலே மட்டும் முலாம். இதற்கா ஒன்பது குழாய்களின் விலை?

இனி அவரை 'அவர்' என்று எழுத மனம் வரவில்லை. முதல் அழைப்பில் "நாளை வருகிறேன்" என்றான். இரண்டாவது அழைப்பில் "நீங்கள் முரட்டுத்தனமாகத் திருகியிருப்பீர்கள்" என்றான். மூன்றாவதிலிருந்து எடுப்பதே இல்லை. செயலிக்காரர்களோ "உங்கள் வருத்தம் புரிகிறது" என்றார்கள், 48 மணி நேரம் பொறுக்கச் சொன்னார்கள். பொறுத்தேன். புகார் 'தீர்க்கப்பட்டது' என்று செய்தி வந்தது. யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள்? மறுபடி கேட்டதற்கு, பொருளும் பணமும் எங்கள் வழியாக வரவில்லை, எனவே பொறுப்பேற்க முடியாது என்று கைகழுவிவிட்டார்கள். ஒன்பது குழாய்களின் பணம் போனது போனதுதான்.

விவரமாக யோசனை சொல்லத்தான் தொடங்கினேன், பொறுமை இல்லை. சுருக்கமாக: புதுக் குழாயின் உள் பக்கத்தை, முலாம் இல்லாத இடத்தில் கத்தி முனையால் கீறச் சொல்லுங்கள். பித்தளை என்றால் மஞ்சள் தெரியும். கையில் தூக்கிப் பாருங்கள், உள்ளீடற்றது போல லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். திறந்திருக்கும்போது கைப்பிடியின் அடியில் கசிந்தால் அங்குள்ள நட்டைச் சற்று இறுக்கினாலே பல நேரம் நின்றுவிடும், அதற்கு ஆளே வேண்டாம். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

பழைய குழாயைக் கொடுத்தனுப்பவே அனுப்பாதீர்கள். என்னுடையது கையில் கனத்த, அசல் பித்தளை. ஒரு வாஷர் போட்டிருந்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது அந்தச் சுவரில் ஓர் அடைப்பான்தான் இருக்கிறது. செடிகளுக்குக் குளியலறையிலிருந்து வாளியில் சுமக்கிறேன்.