போல்ட், நட் ஸ்டாக் பார்க்க பார்கோடா, ஆர்.எஃப்.ஐ.டி-யா, எடை ரேக்கா?

எங்களுடையது கோவையில் போல்ட், நட், வாஷர், பேரிங் விற்கும் கடை. பின்னால் தகர ஷீட் போட்ட ஒரு குடோன். பம்ப் கம்பெனிகளும் ஒர்க்‌ஷாப்களும்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். ரேக்கில் எது எவ்வளவு இருக்கிறது என்று ஆள் போய்ப் பார்க்காமலே தெரிய வேண்டும் என்று தேடி, பலரிடம் விசாரித்து, கடைசியில் டப்பா இல்லாமல் உதிரியாக விற்கும் சரக்குக்கு எடை பார்க்கும் ரேக் போட்டோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணிக்கடைக்காரருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் விடை வேறாக வரலாம்.

பார்கோடு பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. 1974-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சூயிங்கம் பாக்கெட்டில் தொடங்கியது, இன்று நம் தெருமுனை மளிகைக்கடை வரை வந்துவிட்டது. மலிவு, எல்லோருக்கும் பழக்கம், டேலி கணக்கு சாஃப்ட்வேரோடு எளிதாக ஒட்டும். பேரிங், ஆயில் சீல் மாதிரி டப்பாவோடு விற்கும் பொருளுக்கு இதுவே போதும், நாங்களும் அவற்றுக்கு இதைத்தான் வைத்திருக்கிறோம். தொல்லை எல்லாம் உதிரியில்தான். கவுண்டரில் ஐந்தாறு பேர் நிற்கும் நேரத்தில் "எட்டு இருபத்தஞ்சு ஒரு கால் கிலோ போடுங்க" என்று ஒருவர் கேட்பார், அதாவது 8 மில்லி விட்டம், 25 மில்லி நீளமுள்ள போல்ட். பையன் அள்ளிப் போட்டு எடையைப் பார்த்து பில் அடிப்பான். பணம் சரியாக வந்துவிடும், ஆனால் பில்லில் விழுந்த பொருள் கோடு (code) முழு மரையா, அரை மரையா, ஜிங்க் முலாமா, கறுப்பா என்பதில் அடிக்கடி மாறிப்போகும். பார்கோடு காட்டும் ஸ்டாக், வந்ததில் போனதைக் கழித்த கணக்கு, அவ்வளவுதான். ஒரு பதிவு விட்டுப்போனால் அடுத்து ஸ்டாக் எடுக்கும் வரை அந்தப் பிழை உள்ளேயே கிடக்கும், அதன் மேல் இன்னும் நாலு பிழை ஏறும்.

ஆர்.எஃப்.ஐ.டி, அதாவது பொருளில் ஒட்டிய டேக்கை ரேடியோ அலையால் படிக்கும் முறை, அதன் மேல் எனக்கு உண்மையிலேயே ஆசை இருந்தது. டோல்கேட்டில் காரின் ஃபாஸ்டேக்கைப் படிப்பதும் இதே தொழில்நுட்பம்தான். டேக்கில் பேட்டரி கிடையாது, ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பி அனுப்பும். இந்தியாவில் இதற்கான அலைவரிசை 865 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறது, தனி லைசென்ஸ் வாங்க வேண்டாம். டெகாத்லான், ஜாரா போன்றவர்கள் இதை வைத்து மலை மாதிரி சரக்கை எண்ணிவிடுகிறார்கள், ஏனென்றால் துணிக்குள் அலை தடையில்லாமல் புகுந்து போகும். நம் சரக்கோ முழுக்க இரும்பு. இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும், அதன் மேல் ஒட்டிய சாதாரண டேக் ஊமையாகிவிடும். உலோகத்தின் மேல் ஒட்டுவதற்கென்றே டேக் இருக்கிறது, ஆனால் அதன் விலை சாதாரண ஸ்டிக்கர் டேக்கைப் போலப் பல மடங்கு. சில ரூபாய் போல்ட்டில் அதை ஒட்ட முடியுமா? சரி, மூட்டைக்கு ஒரு டேக் என்று வைத்தாலும், மூட்டையைப் பிரித்து பாதி விற்ற பிறகு அந்த டேக் இன்னும் முழு மூட்டையாகத்தான் பேசும். அதோடு இரும்பு ரேக்குகளுக்கு நடுவே அலை முட்டி மோதி, பக்கத்து வரிசையில் இருக்கும் டேக்கையும் சேர்த்துப் படித்துவிடும். வாடகைக்குப் போய்த் திரும்பும் டிரில்லிங் மெஷின், டை செட் போன்றவற்றுக்கு இது நல்ல வழி என்று நினைக்கிறேன். உதிரிக்கு வேண்டாம்.

கேமரா வைத்து ரேக்கைப் பார்க்கும் முறையை டெமோவில் மட்டும்தான் பார்த்தேன், அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். கேமராவுக்குப் பெட்டியின் மேற்பரப்புதான் தெரிகிறது, அடியில் எத்தனை என்பது தெரிவதில்லை. 2018-ல் அமேசான் சியாட்டிலில் திறந்த பில் கவுண்டர் இல்லாத கடையில்கூட கேமராவோடு நிற்காமல் அலமாரியில் எடை சென்சாரும் வைத்தார்கள்.

இனி எடை ரேக். ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் ஒரு லோட் செல் இருக்கும். பாரம் ஏறினால் அதிலுள்ள உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், மேலே ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜின் மின்தடை மாறும், அதிலிருந்து எடை வரும், எடையை ஒரு பீஸின் எடையால் வகுத்தால் எண்ணிக்கை. நம் கடைகளில் போல்ட் காலம்காலமாக எடைக்குத்தான் விற்கிறது என்பதால் பையன்களுக்குப் புதிதாக எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு இதில் பிடித்தது, இது கணக்கு பார்ப்பதில்லை, இருப்பைப் பார்க்கிறது. யார் எடுத்தார்கள், பில் போட்டார்களா, எந்தக் கோடு அடித்தார்கள் என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. கரண்ட் போய் இரண்டு மணி நேரம் கழித்து வந்தாலும் அந்த நேரத்து இருப்பைச் சரியாகச் சொல்லும். பில்படி இருக்க வேண்டியதும் ரேக் சொல்வதும் எங்கே பிரிகிறது என்று அன்று மாலையே தெரிந்துவிடுகிறது.

எவ்வளவு துல்லியம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எம்8 (அதாவது 8 மில்லி விட்டம்), 25 மில்லி நீள போல்ட் ஒன்று சுமார் 14 கிராம். 50 கிலோ லோட் செல்லில் பிழை 0.03 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 15 கிராம், அதாவது ஒரு போல்ட். மூவாயிரம் போல்ட் இருக்கும் பெட்டியில் ஒன்று கூடினால் என்ன, குறைந்தால் என்ன. ஆனால் எம்6 வாஷர் ஒன்று சுமார் ஒரு கிராம்தான், அதே செல்லில் வைத்தால் பதினைந்து வாஷர் இங்கும் அங்கும் ஆடும். ஒவ்வொன்றாக எண்ணித் தரும் வேலையை இதனிடம் கேட்காதீர்கள். தீரப்போகிறது, ஆர்டர் போடு என்று சரியான நேரத்தில் சொன்னால் போதும் என்பவர்களுக்குத்தான் இது.

இப்போது பராமரிப்புக்கு வருகிறேன். இதை வாங்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது இதுதான், விற்பவர்கள் யாரும் வாய் திறக்காத விஷயமும் இதுதான். கவுண்டர் தராசில் ஒவ்வொரு முறை எடை போட்டதும் தட்டு காலியாகும், அப்போது தராசு தன் பூஜ்யத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். ரேக்கில் இருக்கும் பெட்டி மாதக்கணக்கில் காலியாவதே இல்லை. தொடர்ந்து பாரத்திலேயே இருக்கும் செல் காட்டும் எடை மெல்ல மெல்ல நகரும், தகர ஷீட்டுக்குக் கீழே சித்திரை வெயில் வேறு. பகல் சூட்டினால் மட்டும் வரும் வித்தியாசம் நல்ல செல்லில் ஒன்றிரண்டு போல்ட்தான். ஆனால் பூஜ்யம் நகர்ந்துகொண்டே போனால் அதைக் கண்டுபிடிக்க வழி இல்லை, பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் ஒழிய. அதனால் எங்கள் கடையில் புதுச்சரக்கு கொட்டும்போது பெட்டியை இறக்கி, காலித் தட்டில் பூஜ்யம் போட்டு, அப்புறம்தான் ஏற்ற வேண்டும் என்று வைத்திருக்கிறோம். இடையில் ஒரு கிலோ படிக்கல்லைப் பெட்டி மேல் வைத்து, திரையில் சரியாக ஆயிரம் கிராம் ஏறுகிறதா என்று பார்ப்பதும் உண்டு. அது செல்லின் அளவு சரியா என்று காட்டும், பூஜ்யம் சரியா என்று காட்டாது. இரண்டும் வேறு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது பீஸ் எடை. ஒரே எம்8 போல்ட் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் ஹாட் டிப் முலாம் போட்டது சாதாரண ஜிங்க் முலாம் போட்டதைவிடக் கனம். 304 ஸ்டெயின்லெஸ், சாதாரண இரும்பைவிட இரண்டு சதவீதம் போலக் கனம், ஆயிரம் பீஸில் அதுவே இருபது பீஸ் வித்தியாசம். புது லாட் வந்ததும் நூறு பீஸை எண்ணி எடை போட்டு அந்த எண்ணைப் பதிய வேண்டும், பழைய லாட்டோடு கலக்கக் கூடாது. அப்புறம் உரசல். பக்கத்துப் பெட்டி லேசாகச் சாய்ந்து ஒட்டிக்கொண்டாலோ, இரண்டுக்கும் நடுவில் ஒரு நட் விழுந்து சிக்கினாலோ, எடையில் ஒரு பங்கு அந்தப் பக்கம் போய்விடும். யாராவது பில் புக்கை ஒரு நிமிடம் பெட்டி மேல் வைத்தால் திரையில் திடீரென்று இருபது போல்ட் கூடும். குடோனில் எலி ஒயரைக் கடிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், எல்லா ஒயரையும் பைப்புக்குள் இழுத்துவிடுங்கள்.

இந்த வேலையெல்லாம் யார் செய்வது என்று யோசித்தால்தான் எதை வாங்குவது என்பதும் தெளிவாகும். எங்களிடம் முதலில் பேசிய ஒரு நிறுவனம் பெட்டிக்கு இவ்வளவு என்று மாத வாடகை கேட்டது. சென்சார், சாஃப்ட்வேர் எல்லாம் அவர்களுடையது, பழுதானால் அவர்கள் ஆள் வர வேண்டும். வேண்டாம் என்றுவிட்டோம். சந்தையில் கிடைக்கும் சாதாரண லோட் செல், எடையை ஆர்.எஸ்.485 ஒயர் வழியே மோட்பஸ் என்ற பொதுவான முறையில் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் இண்டிகேட்டர், மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் என்று போட்டோம். ஒரு செல் போனால் நம் ஊர் தராசு மெக்கானிக்கே வந்து மாற்றிவிடுவார். பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் பெட்டிகளும் வருகின்றன, பார்க்க அழகாக இருக்கிறது. அதை நான் வைத்து ஓட்டிப் பார்த்ததில்லை, ஆனால் நூறு பெட்டிக்கு யார் பேட்டரி மாற்றிக்கொண்டிருப்பது என்ற கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. இன்னொன்று, ரேக் காட்டும் எடையை வைத்து வாடிக்கையாளருக்கு பில் போடாதீர்கள். விற்பனைக்குப் பயன்படுத்தும் தராசுக்கு அரசு முத்திரை வேண்டும், கவுண்டரில் அதை வைத்துத்தான் எடை போட வேண்டும்.

ரேக் முழுவதும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டியதில்லை. அதிகம் ஓடும் எம்6 முதல் எம்12 வரை உள்ள போல்ட், நட்டுக்கு மட்டும் முதலில் போடுங்கள். எப்போதாவது போகும் பெரிய சைஸ்களைக் கண்ணால் பார்த்தாலே போதும். வாஷருக்கு நாங்கள் இன்றும் இரண்டு பெட்டி முறைதான் வைத்திருக்கிறோம். முன் பெட்டி தீர்ந்தால் பின் பெட்டியை முன்னுக்கு இழுத்துவிட்டு, காலிப் பெட்டியை ஆர்டர் போடுபவர் மேஜைக்கு அருகே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அதற்குச் சென்சாரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.