ஒரு நாள் மிச்சமிருந்தால்: பாலிக் புலாவா, தெலுக் பஹாங்கா?

பினாங்குக்கு வரும் என் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே வரிசைதான். முதல் நாள் ஜார்ஜ் டவுன் சுவரோவியங்களும் நாசி கண்டார் சாப்பாடும். இரண்டாம் நாள் கொடிமலை, தண்ணீர்மலைக் கோயில். மூன்றாம் நாள் பத்து பெரிங்கி கடற்கரையும் அங்குள்ள இரவுச் சந்தையும். நான்காம் நாள் காலையில் பசியாறி முடித்ததும், "அப்புறம் வேற என்ன இருக்கு?" என்பார்கள். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து நேரடி விமானம் வந்த பிறகு இந்தக் கேள்வி எனக்கு இன்னும் அடிக்கடி வருகிறது.

தீவு சுமார் 290 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் 800 மீட்டரைத் தாண்டும் மலை முதுகு ஒன்று நிற்கிறது. துறைமுகம், நகரம், தொழிற்சாலை, அடுக்குமாடி எல்லாம் அதற்குக் கிழக்கே குவிந்துவிட்டன. மேற்கே போக மலையைச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் வளைந்து வளைந்து ஏறி இறங்க வேண்டும். அந்தச் சிரமம்தான் மேற்குப் பக்கத்தை இன்னும் கம்பமாக, அதாவது கிராமமாக, வைத்திருக்கிறது. அங்கே போட்டி இரண்டு ஊர்களுக்குள்: தென்மேற்கில் பாலிக் புலாவ், வடமேற்கு மூலையில் தெலுக் பஹாங். தெற்குக் கரையையும் சிலர் சொல்வார்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என் ஓட்டு பாலிக் புலாவுக்கு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருதலைப்பட்சம் என்று யாரும் கோபிக்க வேண்டாம்.

மலாயில் பாலிக் புலாவ் என்றால் தீவின் மறுபக்கம். பெயரே முகவரி. 1821இல் சயாம் படை கெடாவுக்குள் புகுந்தபோது அங்கிருந்து தப்பி வந்த மலாய்க்காரர்கள் பலர் இந்தப் பக்கம் குடியேறினார்கள். ஹக்கா சீனர்கள் தோட்டம் போட வந்தார்கள். இன்றைக்கும் கடைத்தெருவில் காதில் விழும் சீனம் நகரத்து ஹொக்கியன் மாதிரி இருக்காது. கடைத்தெரு என்றாலும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வட்டச்சாலை, ஒரு சந்தை, பழைய கடைவீடுகள். பத்து நிமிடத்தில் நடந்து முடித்துவிடலாம். இங்கே வருவது நடக்க அல்ல, சாப்பிட.

முதலில் லக்ஸா. ஜார்ஜ் டவுனிலும் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. ஆனால் இங்கே ஒரே கடையில் இரண்டு பானை கொதிக்கும். ஒன்று அசாம் லக்ஸா. கெம்போங் மீனை, அதாவது நம் கானாங்கெளுத்தியை, வேகவைத்து உதிர்த்துப் புளியில் கொதிக்கவிட்ட குழம்பு. இடியாப்பத்தைவிட நாலு மடங்கு தடித்த அரிசி நூடுல்ஸ் மேல் அதை ஊற்றி, அன்னாசித் துண்டு, வெள்ளரி, வெங்காயம், புதினா, பொடியாக நறுக்கிய இஞ்சிப்பூ எல்லாம் போட்டு, ஒரு கரண்டி ஹே கோ விடுவார்கள். ஹே கோ என்பது இறாலைக் காய்ச்சி எடுத்த, கீல் மாதிரி கறுப்பான, இனிப்பும் உப்புமான குழம்பு. மீன்புளிக்குழம்பில் வளர்ந்த நாக்கு முதல் வாயிலேயே உறவைக் கண்டுகொள்ளும். மூன்றாவது வாயில் இஞ்சிப்பூ வந்து, "நான் வேற வீட்டுப் பிள்ளை" என்று சொல்லும்.

இரண்டாவது பானை சயாம் லக்ஸா. அதே மீன், ஆனால் புளிக்குப் பதில் தேங்காய்ப்பால். முடிவெடுக்க முடியாதவர்கள் இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கலந்து கேட்கிறார்கள். நான் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். இரண்டின் குணமும் போய்விடுகிறது. தனித்தனியாகச் சின்னக் கிண்ணம் இரண்டு வாங்குவதே மேல். பிற்பகலுக்குள் பானை காலியாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

அதோடு சாதிக்காய். நமக்கெல்லாம் சாதிக்காய் என்றால் பிரியாணிக்கு உரசிப் போடும் கொட்டை, மிஞ்சினால் ஜாதிபத்திரி. அந்தக் கொட்டையைச் சுற்றி மஞ்சள் தோலோடு ஒரு பழச்சதை உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. இங்கே அந்தச் சதைதான் சரக்கு. பிழிந்து ஜூஸ், சீவிச் சர்க்கரையில் போட்டு மிட்டாய், உப்பில் ஊறவைத்து ஊறுகாய். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மலுக்குத் தீவுகளிலிருந்து நாற்றுகளைக் கொண்டுவந்து இங்கே நட்டது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். டச்சுக்காரர்களின் ஏகபோகத்தை உடைப்பதுதான் நோக்கம். 1860களில் நோய் விழுந்து தோட்டங்கள் அழிந்தன. தப்பியதும் மறுபடி நட்டதும்தான் இன்று ஜூஸாகக் குவளைக்கு வருகிறது. முதல் மிடறில் மருந்துக்கடை வாசனை. இரண்டாவது குவளையை நீங்களே கேட்பீர்கள்.

டுரியான் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாலிக் புலாவ்காரர்கள் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் மலைச்சரிவில் மரங்களுக்கு அடியில் வலை கட்டியிருப்பார்கள். பழத்தைப் பறிப்பதில்லை, தானாக விழ வேண்டும். இரவில் விழுந்தது காலையில் கடைக்கு வரும், அன்றைக்கே சாப்பிட வேண்டும். தாய்லாந்துப் பழத்தை வெட்டி இறக்குகிறார்கள், அதனால் அது கப்பலேறித் தூரம் போகும். இது போகாது. இங்கே வந்து தின்ன வேண்டும் என்பதற்கு அதைவிட என்ன காரணம் வேண்டும்? ரகங்களில் ஆங் ஹே என்றால் செவ்விறால், சதை செம்மஞ்சளாக இருக்கும். ஹோர் லோர் என்றால் சுரைக்காய், உருவம் அப்படி. விலை கிலோவுக்கு, முள்ளோடு சேர்த்துத்தான் நிறுப்பார்கள். வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, எண்ணிப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கணும். இனிப்பான ரகத்தில் தொடங்கிக் கசப்பில் முடிக்க வேண்டும் என்று கடைக்காரரே வரிசை சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள். கசப்பை முதலில் தின்றால் பிறகு வருவதெல்லாம் சப்பென்று இருக்கும்.

பார்ப்பதற்கு? வாடகை சைக்கிளில் சுங்கை புருங் வயல்வெளிப் பக்கம் போகலாம். பினாங்குத் தீவில் நெல் விளைகிறது என்று சொன்னால் கோலாலம்பூர்க்காரர்களே நம்புவதில்லை. புலாவ் பெத்தோங் படகுத்துறையில் மீன் இறங்குவதைப் பார்க்கலாம். அவ்வளவுதான். பிள்ளைகளோடு வருபவர்கள் மதியத்துக்கு மேல் சலிப்பார்கள், உண்மையைச் சொல்லணும்.

தெலுக் பஹாங் அப்படியே தலைகீழ். வயிற்றுக்கு அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. மலாய் அங்காடிகளில் நாசி லெமாக், ரொட்டி சானாய், மாலையில் வாட்டிய மீன். நன்றாகவே இருக்கும். ஆனால் இதற்காக மலையைச் சுற்றி வர வேண்டியதில்லை. காலுக்குத்தான் அங்கே விருந்து.

சாலை முடியும் இடத்தில் பினாங்கு தேசியப் பூங்கா தொடங்குகிறது, 2003இல் அறிவிக்கப்பட்டது. வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். கரையோரமாகப் போனால் குரங்குக் கடற்கரை, அங்கிருந்து செங்குத்தாக ஏறினால் 1883இல் கட்டிய முக்கா ஹெட் கலங்கரை விளக்கம். காட்டுக்குள் திரும்பினால் கெராச்சுட் கடற்கரை, ஒன்றரை மணி நேர நடை. குரங்குக் கடற்கரைக்கு விடுமுறை நாளில் போகாதீர்கள். படகுகளும் பாட்டுச் சத்தமும் போட்டி போடும், கூட்டத்துக்குப் பத்து பெரிங்கியே போதும். கெராச்சுட்தான் போக வேண்டிய இடம்.

அங்கே கடலுக்குப் பின்னால் ஒரு ஏரி. மேலே நல்ல தண்ணீர், அடியில் கடல் தண்ணீர், இரண்டும் கலப்பதில்லை. மேல்தண்ணீர் இலேசானது, அடித்தண்ணீர் கனமானது என்பதால் இந்த அடுக்கு நிற்கிறது. மழை இல்லாத காலத்தில் போனால் ஏரி வற்றி வெறும் சேறுதான் தெரியும். அடுக்காவது ஒன்றாவது என்று திட்டாதீர்கள். பக்கத்திலேயே ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. பேராமைகள் முட்டையிட வரும் கரை அது. குஞ்சுகள் இருந்தால் தொட்டியில் பார்க்கலாம். கடல் அழகாக இருக்கிறதே என்று இறங்க வேண்டாம். ஜெல்லிமீனும் இழுப்பும் உண்டு, பலகையே வைத்திருக்கிறார்கள்.

ஒருமுறை சென்னையிலிருந்து வந்த அத்தை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பதினொரு மணி வெயிலில் கிளம்பினேன். நாலு பேருக்கு இரண்டு போத்தல் தண்ணீர். திரும்பப் படகு இருக்கிறதே, பதினைந்து நிமிடம்தானே என்ற தைரியம். கரைக்குப் போய்ச் சேர்ந்தால் அலை எழும்பிவிட்டது, படகு வராது என்றார்கள். ஏறிய மேட்டையெல்லாம் மறுபடி ஏறி இறங்கினோம். "அண்ணே, இதுக்கு ஷாப்பிங்கே போயிருக்கலாம்" என்று கடைசிப் பயல் சொன்னதை இன்றும் வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார்கள். படகை நம்பி நடக்கக் கூடாது. இருபக்கமும் நடக்கத் தெம்பு இருந்தால் போங்கள், படகு கிடைத்தால் லாபம்.

நடக்கவே விருப்பமில்லாத பிள்ளைகளுக்கு தெலுக் பஹாங்கில் வேறு வழி இருக்கிறது. எஸ்கேப் பூங்காவில் 1,111 மீட்டர் நீளமுள்ள தண்ணீர்ச் சறுக்கு, எந்தோப்பியாவில் வண்ணத்துப்பூச்சிகள். இரண்டிலும் நுழைவுச் சீட்டு விலை கையைக் கடிக்கும். இந்த ஒரு விஷயத்தில் பாலிக் புலாவ் தோற்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

சரி, தெற்குக் கரை. தெலுக் கும்பார், கெர்தாக் சங்குல் பக்கம் கடலுணவு மலிவாகவும் நன்றாகவும் கிடைக்கும், நண்டும் இறாலும் குறிப்பாக. பத்து மாவுங்கில் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் காலடி என்று சொல்லப்படும் தடம் ஒன்று சிறு கோயிலுக்குள் இருக்கிறது. 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலமும் அங்கேதான் தீவைத் தொடுகிறது. ஆனால் 2023இலிருந்து அந்தக் கரைக்கு எதிரே கடலை மண் போட்டு நிரப்பிச் செயற்கைத் தீவு எழுப்புகிறார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் போய் வரலாம், ஒரு நாளை அதற்குக் கொடுக்க மாட்டேன்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு லக்ஸாவிலும் மீன். ரோஜாக் பழக்கலவையிலும் இறால் குழம்பு இருக்கும். பாலிக் புலாவில் உங்களுக்கு மிஞ்சுவது சாதிக்காய், செண்டோல் என்ற தேங்காய்ப்பால் ஐஸ் இனிப்பு, பருவம் இருந்தால் டுரியான். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் மலாய்க் கடையில் 'டாகிங்' என்ற சொல்லைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், அது மாடு.

இரண்டையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா? முடியும், விடியலில் எழுந்தால். ஜார்ஜ் டவுன் படகுத்துறையிலிருந்து 101ஆம் எண் பேருந்தில் தெலுக் பஹாங். கெராச்சுட் வரை போகாமல் காட்டுக்குள் ஒரு மணி நேரம் மட்டும் நடந்துவிட்டு, பத்து மணிக்கு 501ஐப் பிடியுங்கள். மலைச் சாலையில் பழத்தோட்டங்கள் வழியே அது பாலிக் புலாவுக்கு இறக்கிவிடும். 501 அடிக்கடி வராது, விட்டால் நிறுத்தத்தில் தவம்தான். லக்ஸாவை முடித்து, 401இல் விமான நிலையம் வழியாக நகரம் திரும்பலாம். டுரியானை மட்டும் அங்கேயே தின்று முடித்து, கையை நன்றாகக் கழுவிவிட்டு ஏறுங்கள். பேருந்திலும் ஏற்ற மாட்டார்கள், தங்கும் விடுதியிலும் விடமாட்டார்கள்.