மேடையா, மைக்கா? இரண்டுக்கும் தொண்டையைக் கொடுத்தவள் சொல்கிறேன்

ஏற்காட்டில் இருக்கும் என் அக்கா மகள் போன மாதம் போன் செய்து, "சித்தி, நான் காமெடி நாடகத்துக்குப் போகட்டுமா, இல்ல உங்கள மாதிரி வாய்ஸ் வேலைக்கு வந்துரட்டுமா?" என்று கேட்டாள். கல்லூரி ஆண்டு விழாவில் கிழவி வேஷம் போட்டு அரங்கத்தையே சிரிக்க வைத்திருக்கிறாள், அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. ஒன்றரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் 11 வருடம் மேடையில் இருந்தேன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, ஆர்கெஸ்ட்ரா நடுவே வரும் காமெடித் துண்டு என்று சேலம், நாமக்கல், தர்மபுரி முழுக்கச் சுற்றியாயிற்று. கடைசி 7 வருடமாக மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். விளம்பரம், கதை வாசிப்பு, குழந்தைகளுக்கான கார்ட்டூன் குரல், இதுதான் வேலை. நான் எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை. மைக் பக்கம்தான்.

பேர், பணம் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. மேடை ஏறினால் முகம் தெரியும், பழைய பஸ் ஸ்டாண்டில் "அக்கா, நீங்க அந்த மாமியார்தானே?" என்று கேட்பார்கள். குரலுக்கு அது கிடையாது. ஒரு ஆடித் தள்ளுபடி சமயத்தில், ஆட்டோ கூரையிலிருந்து என் குரலே "வாங்க வாங்க" என்று கூவிக்கொண்டிருக்க, அதே ஆட்டோக்காரர் என்னிடம் வழியை விடும்மா என்று எரிந்து விழுந்தார். எனக்கு அது பிடித்திருந்தது, எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். பணம், மேடையில் ஒரு ராத்திரிக்கு மொத்தமாக வரும், மைக்கில் சில்லறையாக வரும், ஆனால் மார்கழியிலும் வரும்.

சேலத்துக்காரி காமெடி நடிகையைப் பற்றிப் பேசிவிட்டு மனோரமாவைத் தொடாமல் போக முடியாது. ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமாக் கம்பெனியின் அந்த வாசல் வளைவு மட்டும் நிற்கிறதே, அதன் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான். 1958-ல் 'மாலையிட்ட மங்கை'யில் காமெடிப் பாத்திரமாக சினிமாவுக்குள் நுழைந்தவரை, 1963-ல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகி ஆக்கியது நம் ஊர்க் கம்பெனிதான். அப்புறம் ஆயிரம் படத்தைத் தாண்டிவிட்டார். ஆனால் நான் சொல்ல வருவது வேறு. 1968-ல் வந்த இரண்டு படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' ஜில் ஜில் ரமாமணியை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், அப்புறம் 'பொம்மலாட்டம்' படத்தில் அவரே பாடிய அந்த மெட்ராஸ் பாஷைப் பாட்டைக் கேளுங்கள். ஒரே தொண்டை என்று தெரியாத ஆளிடம் சொன்னால் நம்ப மாட்டார். முகம் பிறகுதான், அவருடைய முதல் முதலீடு குரல் என்பது என் கட்சி. கோவை சரளாவும் அப்படித்தான், 'சதி லீலாவதி'யில் அந்தக் கொங்குப் பேச்சை எடுத்துவிட்டால் பாதி சிரிப்பு போய்விடும்.

ஆனால் அந்த மாதிரி இடம் எத்தனை பேருக்குக் கிடைத்தது? நான் 11 வருடத்தில் போட்டது மூன்றே வேஷம். சண்டைக்கார மனைவி, குண்டு மாமியார், குடிகாரன் பெண்டாட்டி. என் உடம்பைப் பார்த்ததும் எனக்கு எழுதிவிடுவார்கள், அவ்வளவுதான். மைக்குக்கு உடம்பு தெரியாது. போன வாரம் ஒரே காலையில் ஒரு அணில், ஒரு பாட்டி, ஏழு வயதுப் பையன், நடுவில் ஒரு வேட்டிக்கடை விளம்பரம் என்று முடித்தேன். சினிமாவிலும் பாருங்கள், சிம்ரனுக்கும் ஜோதிகாவுக்கும் பேசியவர் சவிதா. 'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலாவுக்குப் பேசிய ரோகிணி, தானே நல்ல நடிகை. வாய்ஸ் என்பது நடிப்பு வராதவர்களின் வேலை என்று யாராவது சொன்னால் அந்தப் படத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, இதெல்லாம் இருந்தும் நான் மாறியது இதற்காக இல்லை. தொண்டைக்காக.

மேடையில் நம் தொண்டை நம் கையில் இல்லை, மைக்செட்காரர் கையில் இருக்கிறது. இதை எனக்கு யாரும் முன்னாடியே சொல்லவில்லை. ஆடி மாதம் சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை நடக்கும்போது நின்று பார்த்திருக்கிறீர்களா? சாமி வேஷத்தில் ஆட்கள் வண்டி மேல் நிற்க, பின்னாலேயே மேளம், பக்கத்துத் தெருவில் இன்னொரு கமிட்டியின் ஸ்பீக்கர். அந்த மாதிரிக் கூட்டத்தில் நாடகம் போட்டால் நமக்கு நம் குரல் கேட்காது. புனல் ஸ்பீக்கரெல்லாம் ஜனங்கள் பக்கம் திரும்பியிருக்கும், மேடைக்கென்று தனியாக ஒன்று வைக்கச் சொன்னால் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்பார்கள். காது கேட்காதபோது வாய் தானாகவே கத்தும். மைக்கில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும், இருந்தாலும் கத்துவோம். அதற்கு மேல் காமெடிக்கென்றே ஒரு கேடு உண்டு. ஜனங்கள் சிரிக்கும்போது அடுத்த வசனத்தை அந்தச் சிரிப்புக்கு மேலே ஏற்றிச் சொல்ல வேண்டும். எவ்வளவு நன்றாக நடித்தோமோ அவ்வளவு அதிகமாகக் கத்தியிருப்போம்.

பத்தாவது வருடம் காலையில் எழுந்தால் குரல் வராது, மதியம் கரகரவென்று வரும். பனங்கற்கண்டு, அதிமதுரம், மிளகுப் பால் எல்லாம் ஆயிற்று. கடைசியில் ஒரு டாக்டர் கேமரா வைத்த குழாயை விட்டுக் காட்டினார். குரல் நாண் இரண்டிலும் எதிரெதிராக, கடுகு மாதிரி ஒவ்வொரு முடிச்சு. ஆபரேஷன் என்று பயந்தேன். முதலில் ஓய்வும் பயிற்சியும்தான் என்றார். பத்து நாள் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. மெதுவாகப் பேசினால் தொண்டைக்கு நல்லது என்று அதுவரை நினைத்திருந்தேன், கிசுகிசுப்பதும் நாணை இறுக்கும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். கனைக்கக் கூடாது, பதிலாக ஒரு வாய் தண்ணீர் விழுங்க வேண்டும். வீட்டில் சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன், என் வீட்டுக்காரர் அந்தப் பத்து நாளை இன்றைக்கும் பொற்காலம் என்கிறார். அப்புறம் டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு 'ஊ' என்று குமிழி விடும் பயிற்சி, மூன்று மாதம்.

மைக் வேலையில் தொண்டையே கெடாது என்று சொல்ல வரவில்லை. சின்னப் பையன் குரலை 20 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து செய்தால் எனக்கு இழுத்துப் பிடிக்கும். அலறும் வசனத்தை முதலில் பேசிவிட்டால் அன்றைய நாள் காலி, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் விஷயம். மைக் நாலு விரல் தூரத்தில் இருக்கிறது, காதில் என் குரல் எனக்கே கேட்கிறது, கோபத்தைக்கூடச் சின்னக் குரலில் காட்டினால் போதும். தண்ணீர் குடிக்க நிறுத்தினால் யாரும் விசில் அடிக்க மாட்டார்கள். ஐம்பது வயதிலும் இந்தத் தொண்டை எனக்கு வேண்டும் என்று கணக்குப் போட்டால் எனக்கு வேறு விடை வரவில்லை.

இதற்கும் செலவும் பாடும் உண்டு. நான் இருப்பது அம்மாப்பேட்டை, பகல் முழுக்கத் தறிச் சத்தம். நுணுக்கமாகக் கேட்கும் கண்டென்சர் மைக்கை ஆசையாக வாங்கி வந்து வைத்தால் பக்கத்து வீட்டுத் தறியில் நாடா ஓடுவதெல்லாம் பதிவானது. அவ்வளவு நுணுக்கமாகக் கேட்காத டைனமிக் மைக்குக்கு மாறியபின் பரவாயில்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே மெத்தையை நிறுத்தி, ராத்திரி தறி நின்ற பிறகுதான் பதிவு. ஃபேன் போடக் கூடாது. சித்திரை மாதம் சேலத்தில் ஃபேன் இல்லாமல் அரை மணி நேரம் அணில் மாதிரி பேசிப் பாருங்கள், அப்போது தெரியும். 'ப' வரும்போது காற்று மைக்கில் மோதாமல் கொஞ்சம் பக்கவாட்டில் பேசுவது கைவரவே எனக்கு ஆறு மாதம் ஆனது.

சினிமா டப்பிங் பற்றி நான் பெரிதாகச் சொல்ல முடியாது. சென்னைக்குப் போய் நாலைந்து முறை கூட்டக் குரல் கொடுத்ததோடு சரி. யூனியன் கார்டு வேண்டும், உதடு மூடும் இடத்தில் 'ப'வோ 'ம'வோ விழுகிற மாதிரி பேச வேண்டும், இவ்வளவுதான் பார்த்தது. அதில் ஊறியவர்களிடம் கேளுங்கள். இன்னொன்று, ஆட்டோ விளம்பர வேலையில் பாதி இப்போது கம்ப்யூட்டர் குரலுக்குப் போய்விட்டது. கிழவியையும் அணிலையும் இன்னும் என்னிடம்தான் கேட்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

மேடையில் நான் விட்டுவிட்டு வந்தது ஒன்றே ஒன்று. வசனத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதை அங்கே ஜனங்கள் சொல்வார்கள். மெத்தைக்கு நடுவே யாரும் சொல்வதில்லை. ஸ்டுடியோவுக்குப் போனால் ஹெட்போனில் "ஓகே மேடம், நெக்ஸ்ட்" என்று வரும், சொன்னவர் சிரித்தாரா என்றே தெரியாது. ஓமலூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில் முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டு, எல்லோரும் சிரித்து முடித்தபிறகு தனியாகச் சிரித்த ஒரு ஆயா உண்டு. இன்றைக்கும் அந்த ஆயா மெல்லுவதை நிறுத்தும் வரை காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த வரியைச் சொல்கிறேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அக்கா மகள் "ரெண்டையும் செய்யறேன் சித்தி" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் ஒரு பதிவு அனுப்பினாள். கிழவி பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் மூன்று முறை குக்கர் விசில் அடிக்கிறது. மூன்றாவது விசிலுக்குக் கிழவி பேச்சை நிறுத்தி, "இருடி, வர்றேன்" என்று குக்கரை அதட்டுகிறாள். நாலு தடவை கேட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு இன்னொரு டேக் எடு, ஆனால் அந்த வசனத்தை மட்டும் எடுத்துவிடாதே என்று சொல்லியிருக்கிறேன்.