மைனஸ் 80 போதுமா? திசுச் சேகரிப்புக்கு உறைபெட்டியா, திரவ நைட்ரஜனா

நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2001இல் விலங்குகளின் திசு மாதிரிகளுக்கென்றே திரவ நைட்ரஜன் தொட்டிகளை நிறுவியது. பத்து லட்சம் குப்பிகள் வரை கொள்ளும் ஏற்பாடு. பிளக்கைச் செருகினால் ஓடும் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி இருக்கும்போது இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும் என்பதே என் கட்சி.

முதலில் மூன்றாவது வழியான எத்தனால், அதாவது திசுவை ஆல்கஹாலில் போட்டு வைப்பது. மாதிரி சேகரிக்கும் களத்தில் அதை மிஞ்ச எதுவுமில்லை: மலிவு, மின்சாரம் வேண்டாம், டிஎன்ஏ தாங்கும். ஆனால் செல்கள் செத்துவிடும், ஆர்என்ஏ (எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் மூலக்கூறு) தாங்கும் என்றும் நம்ப முடியாது.

உறைபெட்டியின் பெரிய வசதி, நினைத்த நேரத்தில் திறந்து குப்பியை எடுக்கலாம். அதுவே அதன் பலவீனமும்கூட. கதவு திறக்கும்போதெல்லாம் ஈரக்காற்று உள்ளே போய் உறைபனியாகப் படியும்; லேபிளைப் படிக்கக் குப்பியைச் சுரண்ட வேண்டியிருக்கும். கம்ப்ரசர் நின்றால் சில மணி நேரத்திலேயே வெப்பம் ஏறத் தொடங்கிவிடும். அப்புறம், மைனஸ் 80இல் சிதைவு மெதுவாகிறதே தவிர நிற்பதில்லை. சுமார் மைனஸ் 135க்குக் கீழே போனால்தான் வேதிவினைகள் ஏறக்குறைய உறைகின்றன.

நைட்ரஜன் தொட்டி அந்தக் குளிருக்குக் கொண்டுபோகிறது. அடியில் மைனஸ் 196இல் கொஞ்சம் திரவம், மேலே அதன் குளிர்ந்த ஆவியில் குப்பிகள். திரவத்திலேயே முக்கி வைத்தால் மூடி இடுக்கு வழியாக அது குப்பிக்குள் கசியலாம். வெளியே எடுத்ததும் சுமார் 700 மடங்கு விரிந்து குப்பியே வெடிக்கலாம். ஆவியில் அந்தப் பயம் குறைவு. குளிருக்கு மின்சாரமும் தேவையில்லை.

பலனைப் பாருங்கள்: அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக்காட்சியகத்தில் 1988இல் உறையவைத்து நைட்ரஜனில் காத்த கருங்கால் ஃபெரெட்டின் (கீரி போன்ற சிறு விலங்கு) செல்லிலிருந்து, குளோனிங் முறையில் 2020இல் எலிசபெத் ஆன் என்ற குட்டி பிறந்தது. அழிவின் விளிம்புக்குப் போய்வந்த இனம் அது. எத்தனாலில் போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

செலவு அதிகம்தான். நைட்ரஜன் தவறாமல் வந்து சேர வேண்டும். கசிந்தால் அறையின் ஆக்சிஜன் குறையும் என்பதால் எச்சரிக்கைக் கருவி கட்டாயம். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 2023 கிறிஸ்துமஸ் விடுமுறையில் நைட்ரஜன் வரத்து தடைபட்டு, பல பத்தாண்டுகளாகச் சேர்த்த மருத்துவ ஆய்வு மாதிரிகள் பாழாயின. தொட்டி வாங்கினால் மட்டும் போதாது, விடுமுறையிலும் அலாரத்துக்கு ஓடிவர ஆள் வேண்டும்.

ஆக, நெடுங்காலச் சேமிப்புக்கு நைட்ரஜன், அன்றாட ஆய்வுக்கு எடுக்கும் துண்டுகளுக்கு உறைபெட்டி, களத்துக்கு எத்தனால். கையில் உறைபெட்டிக்கு மட்டும்தான் பணம் இருக்கிறதா? சரி, ஒரே பெரிய பெட்டிக்குப் பதில் இரண்டு சிறியவை வாங்குங்கள். ஒவ்வொரு மாதிரியையும் பாதியாகப் பிரித்து, வேறு வேறு கட்டடத்தில் வையுங்கள்.