பரிசுக்கு ஏர் ரைபிள்: அடி லீவர்தான் நல்லது

வேலூரில் இருக்கும் ஒருவருக்கு, லீவரை ஆட்டித் தோட்டா ஏற்றும் ரைபிளைப் பரிசளிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேட்டைக்கான லீவர்-ஆக்‌ஷன் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கையில் ஜவ்வாது மலைப் பக்கம் அதற்கு வேலையும் இல்லை. வேலூர்க்காரருக்குப் பரிசென்றால் .177 (4.5 மி.மீ. குழல்) ஏர் ரைபிள் போதும். லைசென்ஸ் கேள்வி எழாமலிருக்க, சுடும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டதென்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஸ்பிரிங்கை அழுத்தக் குழலை மடிக்கும் மாடலைவிட அடியில் லீவர் உள்ளதே மேல். குழல் அசையாது, குறி விலகாது. கனம்தான் கூடுதல், சின்னப் பிள்ளைகளுக்கு ஒத்துவராது. பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) வைக்கும்போது லீவரிலிருந்து கையை எடுக்கவே கூடாது. ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் கொக்கி நழுவினால் விரல் நசுங்கிவிடும். பெல்லட் இல்லாமல் சுட்டால், காற்றை அழுத்தும் பிஸ்டனைத் தடுக்கக் காற்றழுத்தம் இருக்காது. பிஸ்டன் நேராக முட்டி சீல் கிழியும், ஸ்பிரிங்கும் உடையும். தையல் மெஷின் எண்ணெயைக் காற்றறையில் விடாதீர்கள்: அழுத்தச் சூட்டில் பற்றிக்கொண்டு புகையோடு வெடிக்கும். துப்பாக்கிக் கட்டையின் திருகுகள் அதிர்வில் தளரும், அடிக்கடி முறுக்குங்கள். 10 மீட்டருக்குத் தட்டைத் தலை பெல்லட்தான். அட்டையில் ஓட்டை வட்டமாக விழும்.