திருமலையில் லேப்டாப் திருத்தக் கொடுக்கிறீர்களா? ‘பேக்கப் எடுத்தாச்சு’ என்றால் எதை எடுத்தார்கள் என்று கேளுங்கள்

திருகோணமலை நகரில் ஒரு கொம்பியூட்டர் கடையில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். கடையின் பெயர் போடவில்லை. இதே பிழை எந்தக் கடையிலும் நடக்கலாம் என்பதால், நடந்த விதத்தைத்தான் விளக்கமாகச் சொல்கிறேன்.

உப்புவெளியில் சிறிய தங்குமிடம் நடத்துகிறேன். மே முதல் செப்டெம்பர் வரைதான் எங்களுக்கு உழைப்புக் காலம். வெளிநாட்டு ஆட்களோடு முன்பதிவு, முற்பணம், விமான நேரம் என்று எல்லாமே மின்னஞ்சலில்தான். அவற்றைத் தண்டர்பேர்ட் மென்பொருளில் வைத்திருந்தேன். எங்கள் அஞ்சல் சேவையில் இடம் குறைவு. அதனால் அஞ்சல்கள் லேப்டாப்புக்கு இறங்கியதும் சேர்வரில் அழிந்துவிடும்.

லேப்டாப் மெதுவானது. விண்டோஸ் திரும்பப் போட வேண்டும் என்றார்கள். “தம்பி, என்ர மெயில் எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு, அது போகக்கூடாது” என்று தெளிவாகச் சொன்னேன். “பயப்பிடாதேங்கோ அக்கா, எல்லாம் பேக்கப் எடுத்துத்தான் போர்மட் பண்ணுவம்” என்றார். பில்லில் பேக்கப்புக்கு மட்டும் தனியாக 2,000 ரூபா.

வீட்டில் வந்து தண்டர்பேர்டைத் திறந்தால், புதுக் கணக்குத் தொடங்கச் சொல்கிறது. படங்கள் இருக்கின்றன, டொக்குமெண்ட்ஸ் இருக்கிறது, அஞ்சல் ஒன்றுகூட இல்லை.

திரும்பப் போய், எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டேன். செய்து காட்டினார். என் பெயரில் இருந்த ஃபோல்டரைத் திறந்து, உள்ளே தெரிந்ததையெல்லாம் மொத்தமாகத் தெரிவு செய்து கொப்பி பண்ணியிருக்கிறார். பிழை அங்கேதான். அந்த ஃபோல்டருக்குள் ‘ஆப்டேட்டா’ என்று இன்னொரு ஃபோல்டர் உண்டு. விண்டோஸ் அதற்கு ‘ஹிடன்’ என்ற அடையாளத்தைப் போட்டே வைத்திருக்கிறது. மறைந்தவற்றைக் காட்டு என்று நாம் சொல்லாதவரை அது கண்ணுக்குத் தெரியாது. தெரியாததைக் கொன்ட்ரோல் ஏ அழுத்தினாலும் தெரிவு செய்யாது. ஃபோல்டரைத் திறக்காமல் வெளியிலிருந்து அப்படியே கொப்பி பண்ணியிருந்தால் உள்ளே மறைந்திருப்பதும் கூடவே வந்திருக்கும்.

“அது ஹிடன் ஃபைல் அக்கா, விண்டோஸிண்ட குப்பை, அதை ஒருத்தரும் எடுக்கிறேல்ல” என்றார். எனக்குக் கோபம் வந்தது இந்தப் பதிலுக்குத்தான். ஹிடன் என்பது பூட்டும் இல்லை, குப்பை என்ற முத்திரையும் இல்லை. ஃபைலைப் பட்டியலில் காட்டாதே என்று சொல்லும் ஓர் அடையாளம், அவ்வளவுதான். மென்பொருளுக்கு அது தடையே இல்லை. ஃபைல் இருக்கும் பாதை அதற்குத் தெரியும், நேரே போய்த் திறந்து வாசிக்கும். தண்டர்பேர்டின் அஞ்சல்கள், ஃபயர்பொக்ஸ், குரோம் இரண்டினதும் புக்மார்க்குகள், சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் ஆப்டேட்டாவுக்குள்தான் இருக்கின்றன. சி டிரைவில் ‘புரோகிராம்டேட்டா’ என்று மறைந்த ஃபோல்டர் ஒன்றும் உண்டு. சில மென்பொருள்கள் தங்கள் தரவை அங்கே வைக்கும். கடை வைத்திருப்பவர்கள் உங்கள் பில் போடும் மென்பொருள் எங்கே சேமிக்கிறது என்று அதை விற்றவரிடமே கேளுங்கள்.

பழையதை மீட்கலாமா என்று வேறு இடத்தில் விசாரித்தேன். என் லேப்டாப்பில் இருப்பது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ். போர்மட் பண்ணும்போது பழைய இடங்களைத் துடைக்கலாம் என்று விண்டோஸ் அதற்குச் சொல்லிவிடும். அதற்குமேல் புது விண்டோஸும் எழுதப்பட்டாயிற்று. கிடைக்காது என்று அங்கிருந்தவர் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த நேர்மைக்கு நன்றி.

லேப்டாப்பைக் கொடுக்கும் முன், விண்டோஸ் 10 என்றால் ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ போய் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ என்பதில் சரி போடுங்கள். 11 என்றால் வியூவுக்குள் ‘ஷோ’ என்பதில் அது இருக்கும். ஆப்டேட்டா மங்கலாகத் தெரியும். அதை நீங்களே வெளி டிரைவில் எடுத்து வையுங்கள். முடியாவிட்டால் பில்லில் “ஆப்டேட்டா உட்பட” என்று எழுதி வாங்குங்கள். போர்மட் பண்ண முன்பு, பேக்கப்பின் அளவையும் பழைய ஃபோல்டரின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது.

பென்டிரைவிலும் இதே அடையாளத்தை வைத்துப் பணம் பறிக்கிறார்கள். வைரஸ் ஃபோல்டர்களை மறைத்து, அதே பெயரில் ஷோர்ட்கட் வைத்துவிடும். டிரைவின் புரோப்பர்ட்டீஸில் இடம் நிரம்பியதாகக் காட்டினால் உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கின்றன. அந்த ஷோர்ட்கட்டுகளைத் திறக்க வேண்டாம். டேட்டா ரிக்கவரி என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்கவும் வேண்டாம்.

பேக்கப்புக்கு வாங்கிய 2,000 ரூபாவைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். முதலாளி வந்ததும் சொல்கிறோம் என்கிறார்கள். பில் என்னிடம் இருக்கிறது.