காரைக்குடி விதைநெல் கடை: நெல் தரம், சீட்டு இல்லை

காரைக்குடியில் கவுனி அரிசி வாங்குவது எளிது. கவுனி விதைநெல் கிடைக்கும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று, பாரம்பரிய அரிசி விற்பனையோடு விதைப் பரிமாற்றமும் நடத்தும் ஒரு கடை. குறை சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

இங்கே விதைநெல் விலைக்கு இல்லை. பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டியில் பரப்பிய முறைப்படி, இரண்டு கிலோ வாங்கினால் அறுவடைக்குப் பின் நான்கு கிலோ திருப்பித் தர வேண்டும். நெல் நன்றாகக் காய்ந்திருக்கிறது. பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைகிறது. ஈரத்துணியில் கட்டி வைத்ததில் பெரும்பாலானவை முளைத்தன. ஆனால் கவுனிப் பையிலிருந்து ஒரு பிடி எடுத்து நகத்தால் உரித்துப் பார்த்தபோது, கருஞ்சிவப்பு மணிகளுக்கிடையே வெளிர்சிவப்பு மணிகளும் தென்பட்டன. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கருவுறும் பயிர் என்பதால், இத்தகைய கலப்பு களத்திலோ, சென்ற போகத்தில் உதிர்ந்து முளைத்த நெல்லாலோ நேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வயலிலேயே கலவனை, அதாவது வேறு ரகச் செடிகளை, நீக்காவிட்டால், ஒவ்வொரு கைமாற்றத்திலும் இது பெருகும்.

இதைவிடப் பெரிய குறை, பையில் ரகப்பெயர் தவிர வேறு எதுவும் எழுதப்படாதது. எந்த ஊர் நெல், கண்மாய்ப் பாசனமா மானாவாரியா, எத்தனை நாள் பயிர் என்று கேட்டேன். “பேருதான் தெரியுதே, அது போதாதாண்ணே?” என்றார் கடைப் பையன். விதைத்து உண்பவருக்குப் போதும். ஆய்வுக்கும் புதிய ரகம் உருவாக்கவும் போதாது. பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1,30,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைப் பாதுகாக்கிறது. நீண்டகாலச் சேமிப்புக்கு உலர்த்தி மைனஸ் 20 டிகிரியில் வைத்து, கேட்கும் ஆய்வாளர்களுக்கு ஒப்பந்தத்தின் பேரில் சிறிதளவு விதை அனுப்புகிறது. ஒவ்வொரு மாதிரியோடும் அது எங்கே சேகரிக்கப்பட்டது என்பது போன்ற விவரங்களைப் பதிந்து வைப்பதும் அந்தப் பணியில் அடங்கும். நெற்பயிரைக் குட்டையாக்கும் புல்குட்டை வைரஸ் நோய் ஆசிய வயல்களைத் தாக்கியபோது, 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்து, உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா என்னும் காட்டு நெல்லில்தான் எதிர்ப்புத்திறனைக் கண்டார்கள். 1976-இல் வெளியான ஐ.ஆர். 36 ரகத்தில் அந்தத் திறன் சேர்ந்தது. நம் பக்கத்து ராமநாதபுரத்துச் சித்திரைக்கார் நெல் வறட்சி தாங்கும் என்று எல்லோருமே சொல்கிறோம். எந்த மண்ணில் எவ்வளவு நாள் மழையின்றித் தாங்கியது என்று எழுதி வைத்தவர் எத்தனை பேர்?

இக்கடையில் குளிரறை கிடையாது, எதிர்பார்க்கவும் முடியாது. சாக்கில் கிடக்கும் நெல் ஓரிரு ஆண்டுகளில் முளைப்புத்திறன் இழந்துவிடும் என்பதால், வாங்கிச் சென்றவர் விதைத்துத் திருப்பித் தந்தால்தான் ரகம் பிழைக்கும். அந்த வகையில் இவர்கள் செய்வது பெரிய வேலை. பைக்குள் ஒரு சீட்டு வைக்கக் கூடுதல் செலவும் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் கவனிக்க: கவுனி 140 நாட்களைத் தாண்டும் பயிர், உயரமாக வளர்ந்து சாயவும் கூடும். கண்மாய்த் தண்ணீரை மட்டும் நம்பியிருப்பவர்கள் முதலில் சித்திரைக்காரைக் கேட்டு வாங்குவது நல்லது.